ஐக்கியம் பேசும் பாஸ்டர்களே, சாதி உபதேச வித்தியாசம் அல்ல

"உபதேச வித்தியாசங்களை ஒதுக்கி வைப்போம், ஆத்தும ஆதாயமே முக்கியம்." பெந்தெகொஸ்தே பாஸ்டர்களின் ஐக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நல்ல பேச்சுதான். ஞானஸ்நானம் திரித்துவ நாமத்திலா, இயேசுவின் நாமத்தில் மட்டுமா? அந்நிய பாஷை பேசாதவர் அபிஷேகம் பெற்றவரா? மருந்து எடுக்கலாமா, நகை போடலாமா? இதிலெல்லாம் ஆளுக்கொரு நிலைப்பாடு இருந்துவிட்டுப் போகட்டும். சேர்ந்து ஊழியம் செய்யுங்கள்.

ஆனால் ஒதுக்கி வைக்கும் மூட்டைக்குள் சாதியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறோம். சாதியைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால், "சபையில் பிரிவினை உண்டாக்காதே, சுவிசேஷத்துக்குத் தடையாகாதே" என்று அடக்குகிறீர்கள். பிரிவினை செய்தது யார்? கேட்டவரா, செய்தவரா?

உங்கள் சொந்த வரலாற்றையே பாருங்கள். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். ஹூஸ்டனில் சார்லஸ் பர்ஹாமின் வேதாகமப் பள்ளியில் வெள்ளையரோடு உட்கார அனுமதியின்றி, வகுப்பறைக்கு வெளியே இருந்து பாடம் கேட்டவர். அசூசாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழங்காலிட்டு ஜெபித்ததைப் பார்த்து அருவருத்தவர் அதே பர்ஹாம். 1916இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை திரித்துவ உபதேசத்துக்காக 150க்கும் மேற்பட்ட ஊழியர்களை இழக்கத் துணிந்தது. நிறவெறிக்காக அப்படி யாரை வெளியேற்றினார்கள்? 1948இல் வட அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு ஓர் ஐக்கியம் அமைத்தபோது, அதில் இருந்தவை வெள்ளையர் சபைகள் மட்டுமே. அதற்கும் பெயர் ஐக்கியம்! 1994இல் மெம்பிஸ் நகரில் அதைக் கலைத்து, கறுப்பரின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்க 46 ஆண்டுகள் ஆயின.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? கேரளத்தில் சர்ச் ஆஃப் காட் சபை 1970களில் சிரியன் கிறித்தவர்களுக்கு ஒரு நிர்வாகம், தலித்துகளுக்கு ஒரு நிர்வாகம் என்று பிரிந்தது. இரண்டுக்கும் விசுவாசப் பிரமாணம் ஒன்றே. அப்படியென்றால் பிரித்தது எந்த உபதேசம்? தமிழ்நாட்டில் "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை" என்ற விளம்பரத்திலும் சாதிப் பெயர் இருக்கிறதே, அது எந்த வேதவசனத்தின்படி?

வேதத்தில் பதில் இல்லாமல் இல்லை. உணவு பற்றிய கருத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும்படி ரோமருக்கு எழுதிய அதே பவுல், அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் விலகியபோது எல்லோர் முன்பாகவும் கண்டித்தார். சுவிசேஷத்தின் சத்தியமே அங்கு மீறப்படுவதாகச் சொன்னார். ஐக்கியம் கெட்டுவிடும் என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. கருத்து வேறுபாட்டுக்குப் பொறுமை, பந்தி பிரிப்பதற்குக் கண்டனம். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். ஞானஸ்நான வார்த்தைக்காகச் சபையை உடைக்கிறீர்கள், சாதிக்காக மட்டும் பொறுமை காக்கிறீர்கள்.

இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது தலித் கிறித்தவர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களைத் தவிர மற்றவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்கள் இன்றும் வெளியே. "கிறித்தவத்தில் சாதி இல்லையே" என்கிறது அரசு. "எங்கள் சபையில் சாதியே இல்லை" என்று நீங்களும் மேடையில் முழங்கினால், அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்பவர் நீங்கள்தான்.

சுவிசேஷத்துக்குத் தடை சாதியைப் பற்றிய பேச்சு அல்ல, சாதிதான். சேரியில் கூட்டம் போட்டு ஆத்துமாக்களை ஆதாயம் செய்கிறீர்கள். அந்த ஆத்துமாவின் வீட்டில் சம்பந்தம் பேசுவீர்களா? சபையின் தலைமையை அவரிடம் கொடுப்பீர்களா? தலித் கிறித்தவர் உரிமைக்காக ஒரு தீர்மானமாவது போடுவீர்களா? அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பிறகு கைகோத்து ஜெபியுங்கள்.