புடைவையைப் புரட்டிப் பாருங்கள்

பெருநாளுக்குப் புடைவை எடுக்க மூதூர்க் கடைத்தெருவுக்குச் செல்வோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'பத்திக்' என்று சொல்லி விரிக்கப்படும் துணியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

பத்திக்கில் மெழுகு பூசாத இடத்தில் மட்டுமே சாயம் ஏறும். நிறத்துக்கு நிறம் மெழுகிட்டுத் தோய்க்க வேண்டும். துணி முழுவதும் சாயத்தில் மூழ்குவதால் இருபுறமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்புபோல் கோடுகள் ஓடும். டிஜிற்றல் அச்சு இயந்திரமோ அந்த வெடிப்பையும் படமெடுத்து, மேற்புறத்தில் மையாகத் தெளித்துவிடுகிறது. பின்புறம் பெரும்பாலும் வெளிறியே இருக்கும்.

இயந்திரத்தின்மேல் எனக்குப் பகையில்லை. திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும், இதில் வேண்டியதில்லை. கையில் முதலில்லாத இளம் வடிவமைப்பாளரும் தம் கற்பனையை ஒரேயொரு புடைவையில் அச்சிட்டுப் பார்க்கலாம். அது நல்ல காரியமே. அதனைப் பிறரது கைவேலையின் பெயரால் விற்பதுதான் தவறு. நூலுக்குச் சாயமிட்டு நெய்யும் மருதமுனைக் கைத்தறியாளருக்கும் இதே ஆபத்து உண்டு.

இந்தியா 2006 இலேயே கைத்தறிக்கெனத் தனி முத்திரையை அறிமுகப்படுத்தியது. இலங்கையில் 2020 இல் பத்திக்குக்கும் கைத்தறிக்குமாக ஓர் இராஜாங்க அமைச்சே அமைக்கப்பட்டது. அமைச்சுகள் வரும், போகும். 'அச்சிட்டது' என்ற ஒரு சொல்லைத் துணியின் ஓரத்தில் பொறிப்பதைச் சட்டம் கட்டாயமாக்கட்டும். வாங்குபவர் அறிந்து வாங்குவார். மெழுகு உருக்கும் கைகளுக்கும் தக்க கூலி கிடைக்க வழி பிறக்கும்.