ஒரே கார், வேறு வேறு செக்கன்



2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் கார்க் கேள்விகள் கூடிவிட்டன. நெல் விலையும் யானை வேலியும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது டீசலா பெற்றோலா என்று கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்வி இது: ஒரு சின்ன டீசல் கார் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட இத்தனை செக்கன் என்று ஒரு சஞ்சிகை எழுதுகிறது. அதே காருக்கு இன்னொரு சஞ்சிகை ஒன்றிரண்டு செக்கன் கூடப் போடுகிறது. இதில் யார் பொய் சொல்வது?

பெரும்பாலும் ஒருவரும் இல்லை.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். பியற் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த 1.3 லீற்றர் டீசல் எஞ்சின் இந்தியாவில் மாருதி சுசுகி ஸ்விஃப்டில் இருந்தது, பியற் புன்டோவில் இருந்தது, டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது. 1248 சிசி, ஏறத்தாழ 75 குதிரைவலு. ஆனால் புன்டோ ஸ்விஃப்டைவிடக் கனமான கார். எஞ்சின் பெயரை மட்டும் பார்த்து ஒன்றின் செக்கனை மற்றதற்கு எழுதினால் கணக்குப் பிழைக்கும். இது எளிதில் விளங்கும். ஒரே மொடலுக்கே இரண்டு கணக்கு வருவதுதான் பலரைக் குழப்புகிறது.

டர்போ டீசலின் குணம் இங்கே முக்கியம். இந்த எஞ்சினின் முழு இழுவையும் நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில்தான் வருகிறது. அதற்குக் கீழே சோம்பல். 4000ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும். நல்ல இழுவை இடையில் உள்ள அந்தச் சிறு பகுதியில்தான். புறப்படும்போது கிளச்சை எரிய விட்டு, சுற்றை ஏற்றி வைத்துப் பாயும் சோதனைச் சாரதிக்கு ஒரு நேரம் வரும். சொந்தக் காசில் கிளச் மாற்ற வேண்டியவருக்கு வேறொரு நேரம் வரும். போதாததற்கு டீசல் எஞ்சின் அதிக சுற்று ஏறாது. இரண்டாம் கியரில் 100ஐத் தொட முடியாமல் மூன்றாவதுக்கு மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் அரைச் செக்கன் போகலாம்.

எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதும் உண்டு. வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதே சர்வதேச விதி. கூட்டிக் காட்டலாம். அதனால் முள் 100இல் நிற்கும்போது கார் உண்மையில் 95இல் ஓடிக்கொண்டிருக்கலாம். சின்ன டீசல் காருக்கு அந்தக் கடைசி ஐந்து கிலோமீற்றருக்கே ஒரு செக்கனளவு வேண்டும். செய்மதி மூலம் அளப்பவர்களின் கணக்கு கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

வீதியும் காற்றும் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனையிறவில் சோளகம் வீசும் மாதங்களில், யாழ்ப்பாணம் போகும்போது காற்று முதுகில் தள்ளும். வவுனியாவுக்குத் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால்தான் கவனமாகச் சோதிப்பவர்கள் இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுக்கிறார்கள். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற, கண்ணுக்கே தெரியாத சாய்வுகூட 15 செக்கனில் முக்கால் செக்கனைக் கூட்டவோ குறைக்கவோ போதும். வெப்பம் இன்னொன்று. 10 பாகையில் இருந்த காற்று 35 பாகைக்கு ஏறினால் அடர்த்தி ஏறத்தாழ 8 வீதம் குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். டர்போ இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். எங்கள் ஊர்களில் இன்னும் ஓடும் டர்போ இல்லாத பழைய கொரோலா டீசலுக்கு அந்த வசதி கிடையாது. அதோடு காற்று மெலிந்த நுவரெலியா உயரத்துக்கு ஏறினால் அதன் பாடு உங்களுக்கே தெரியும்.

கிரவல் தூசி அடைத்த காற்று வடிகட்டி, காற்றுக் குறைந்த ரயர், ஓடிக்கொண்டிருக்கும் ஏசி, பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் ஒரு மூடை அரிசி. இவை எதுவும் சஞ்சிகைக்காரரின் காரில் இருப்பதில்லை.

எரிபொருளின் தரம் பற்றி எங்களில் மூத்தவர்களுக்குப் பாடம் எடுக்க நான் யார்? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பெற்றோல் கார் ஓட்டியவர்கள் அவர்கள். அதே மொரிஸ் மைனர், அதே சாரதி. மண்ணெண்ணெயில் இழுவை எப்படி இருந்தது என்று அவர்களையே கேளுங்கள். அந்த நாளில் 100க்கு எத்தனை செக்கன் என்று யாரும் கேட்கவில்லை. மாங்குளம் போய்ச் சேருமா என்றுதான் கேட்டார்கள்.

இவ்வளவும் சொன்னபின் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 0–100 எண்ணை வைத்து வன்னியில் கார் வாங்குவது வீண் வேலை. அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது 70 கிலோமீற்றர்தான். கண்டி வீதியில் எங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, நெல் மூடை ஏற்றி 25இல் போகும் உழவு இயந்திரத்தின் பின்னால் இருந்து, எதிரே பஸ் வருமுன் முந்தும் வலு. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிற நாட்களில் அதுவும் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும்.

இந்தியச் சஞ்சிகைகள் சில, மூன்றாம் கியரில் 20இலிருந்து 80, நான்காம் கியரில் 40இலிருந்து 100 என்று கியர் மாற்றாமல் அளந்த நேரங்களையும் தனியாகப் போடுகின்றன. அதில் கிளச் வித்தையும் இல்லை, கியர் மாற்றும் கைத்திறனும் இல்லை. அதனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகக் குறைவு. சின்ன டீசல் கார்களின் பலமும் அங்கேதான் தெரியும். ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டாரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, வெறிச்சோடிய நேர் வீதியில் மூன்றாம் கியரில் 40இலிருந்து 70 வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், திரும்பி வரும் திசையிலும் ஒருமுறை. மாடுகள் வீதியில் படுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்