பார்த்துச் சொன்னதற்கும் கூலி உண்டு



நம் வீட்டுப் பழைய மாருதி 800 என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். "இன்னுமா அதை வைத்திருக்கிறீர்கள், விற்றுவிடுங்கள்" என்ற அறிவுரையும் வந்தது. கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அதைச் சரிசெய்த விதத்தில் நாம் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். நான்கைந்து விநாடியில் நின்றுவிடும். ஒருநாள் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் அருகே வேகத்தைக் குறைத்தபோது நின்றது. பின்னால் பேருந்து. இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், ஏனென்றால் பிரேக்குக்கு உதவுவது இன்ஜின் தரும் வாக்குவம்தான். எனவே இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

முதலில் போன இடத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். பிறகு ஃப்யூயல் பம்ப் மாற்றினார்கள். மொத்தம் 6,800 ரூபாய். இரண்டே நாளில் பழைய கதை.

அடுத்து முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஷெட். அந்தத் தம்பி பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்தா ஓடுதா சார்?"

"ஓடுது."

"அப்போ பெட்ரோலும் வருது, ஸ்பார்க்கும் வருது. காலை எடுத்ததும் போக வேண்டிய காத்துதான் போகலை."

த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் கரி அடைத்திருந்தது. சுத்தம் செய்ய அரைமணி நேரம். எவ்வளவு என்று கேட்டேன். "பார்ட்ஸ் எதுவும் மாத்தலையே சார், 200 குடுங்க" என்றார், கூச்சத்தோடு.

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் நாம்தான். டாக்டர் மருந்தே எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக்கிடம் மட்டும், "சும்மா பார்த்ததற்கா காசு?" என்கிறோம். பார்ட்ஸ் விற்றால்தான் அவருக்கு வருமானம் என்றால், அவர் எதையாவது மாற்றத்தானே செய்வார்? முதலில் மாற்றியவரை நான் திருடர் என்று சொல்லமாட்டேன். யோசிக்கும் நேரத்துக்கு யாரும் அவருக்குக் கூலி கொடுத்ததில்லை.

நம் பங்குக்கு, வண்டி எப்போது நிற்கிறது என்று கவனித்துச் சொல்லலாம். மிதித்தால் ஓடி, விட்டால் நிற்கிறதா? ஐடில் வால்வு, கார்புரேட்டர் வண்டியானால் ஐடில் ஜெட். மிதித்தாலும் திணறி நிற்கிறதா? ஃபில்டர், பம்ப். சூடானபின் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறதா? இக்னிஷன் காயில் அல்லது கிராங்க் சென்சார். பெட்ரோல் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு ஓடுகிறதா? டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. இவை முடிவுகள் அல்ல, எங்கே தொடங்குவது என்பதற்கான அடையாளங்கள்.

"எல்லாம் எத்தனால் பெட்ரோலால்தான்" என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் அப்படியே நம்ப வேண்டாம். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைப் பாதிக்கலாம். டேங்க் அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கலாம். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் ஈரத்தை இழுக்கும். இவையும் சோதித்துப் பார்க்க வேண்டியவையே. சோதிக்காமல் பழி போட்டால் அதுவும் பார்ட்ஸ் மாற்றுவது போலத்தான்.

கணக்கில் விடை தப்பானால் எந்த ஸ்டெப்பில் தப்பு என்று பார்க்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதேதான்.

நான் அந்தத் தம்பிக்கு 500 கொடுத்தேன். மெக்கானிக் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, பில்லில் 'பார்த்த கூலி' என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். மற்றவர்கள் அதில் பேரம் பேசாதீர்கள்.