பிரஷ்ஷில் பிடுங்கிய மீசை

பீட்டர் முயலின் கதை 120 ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் விற்றுக்கொண்டிருக்கிறது. முதல் பதிப்பு ஆசிரியர் தன் கைக்காசைப் போட்டு அச்சிட்டது. 1893 செப்டம்பரில், தன் பழைய வீட்டு ஆசிரியையின் ஐந்து வயது மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறான் என்று பியாட்ரிக்ஸ் பாட்டர் அவனுக்கு ஒரு படக் கடிதம் எழுதினார். பல வருடம் கழித்து அந்தக் கடிதத்தையே இரவல் வாங்கிப் புத்தகமாக விரித்தார். பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். 1901 டிசம்பரில் லண்டனில் தானே 250 பிரதிகள் அச்சிட்டார். அவை தீர்ந்துபோக, 1902 பிப்ரவரியில் இன்னும் 200. முகப்புப் படம் ஒன்றுக்குத்தான் வண்ணம். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

புத்தகத்தின் அளவில் அவர் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும், விலையும் பிள்ளைகள் வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். ஆறு ஷில்லிங்குக்குப் பெரிய புத்தகம் ஒன்று போடுவதைவிட, ஒரு ஷில்லிங்குக்குச் சின்னப் புத்தகங்கள் இரண்டு மூன்று போடுவேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1902 அக்டோபரில் ஃபிரெடெரிக் வார்ன் நிறுவனம் எல்லாப் படங்களையும் வண்ணத்தில் கேட்டு வாங்கிப் பதிப்பித்தபோதும் அந்தச் சின்ன அளவு மாறவில்லை.

இதை இந்த வாரம் எழுதக் காரணம், ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்குச் சொந்தமாகப் படப்புத்தகம் போட நினைக்கும் நண்பர்கள் இப்போதே என்னிடம் பேசத் தொடங்கிவிட்டதுதான். எத்தனை பிரதி போடலாம், மேட் லேமினேஷனா பளபளப்பா, பிரதிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். புத்தகம் பைண்டிங்கிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான், “வாங்குகிற பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கலாமா?” என்ற யோசனை வருகிறது. அவசரத்தில் மொத்தக் கடையில் சாவிக்கொத்தோ பலூனோ வாங்கி, மேலே புத்தகத்தின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள். அந்தச் சாவிக்கொத்துக்கும் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடுத்த அரங்கில் எண்ணெய் விளம்பரத்துக்கும் அதே சாவிக்கொத்துதான் கொடுக்கிறார்கள். அலங்காரமும் கைவினைப் பொருளும் கதைக்குள்ளிருந்து வர வேண்டும், அச்சுக்குப் போவதற்கு முன்பே முடிவாக வேண்டும் என்பது என் கட்சி.

பாட்டர் அப்படித்தான் செய்தார். பீட்டர் முயல் நன்றாக விற்கத் தொடங்கியதும் கதாபாத்திரங்களின் பெயரை வைத்து யார் யாரோ பொம்மை விற்கப் பார்த்தார்கள். லண்டன் கடையில், அவர் கதையில் வரும் அணிலான நட்கினின் பெயரிலேயே ஒரு பொம்மை வந்துவிட்டது. 1903 டிசம்பரில் அவரே உட்கார்ந்து காலிக்கோ துணியில் முயலின் அச்சை வெட்டத் தொடங்கினார். தன் பதிப்பாசிரியர் நார்மன் வார்னுக்கு அப்போது எழுதிய கடிதத்தைப் படித்தால் ஒரு கைவினைஞரின் மனது தெரிகிறது. அச்சு இன்னும் சரியாக வரவில்லை என்கிறார். ஆனால் முகபாவம் அருமையாக வரும், முக்கியமாக மீசை என்கிறார். மீசை எதில் செய்தார்? ஒரு பிரஷ்ஷிலிருந்து மயிரைப் பிடுங்கி! ரோமத் துணியைத் தைப்பது பெரும்பாடு என்பதால் வெள்ளை வெல்வெட்டீனில் தைத்துச் சாயம் தீட்டிப் பார்க்கலாம் என்றும் திட்டமிடுகிறார். பொம்மை தானாக நிற்க வேண்டுமே, அதற்குக் காலுக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டுத் தைத்தார். அந்த மாதம் 28ஆம் தேதி பொம்மையைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டார். அடுத்த ஆண்டு ஒரு பலகை விளையாட்டை வரைந்தார். பிள்ளைகள் அறைக்குச் சுவர்த்தாள் பற்றியும் யோசித்தார்.

நிற்கிற முயல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. கதையில் பீட்டர் இரண்டு காலில் நிற்பான், நீலச் சட்டை போட்டிருப்பான். படுத்துக் கிடக்கிற முயல் பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கும், அது பீட்டர் ஆகாது. ஈயக் குண்டு அந்தக் காரணத்துக்காகவே உள்ளே போனது. பொம்மையின் ஒவ்வொரு முடிவையும் கதையே எடுத்திருக்கிறது.

அவர் சொந்தமாக அச்சிட்ட இன்னொரு புத்தகம் ‘குளோஸ்டர் தையல்காரர்’. 1902 டிசம்பரில் 500 பிரதி போட்டார். நோயில் படுத்த தையல்காரருக்காக எலிகள் இரவெல்லாம் உட்கார்ந்து மேலங்கி தைத்துக் கொடுக்கிற கதை. அந்த உடையின் பூவேலையைப் பாட்டர் கற்பனையில் வரையவில்லை. லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில், இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்கிறோமே அங்கே, பதினெட்டாம் நூற்றாண்டு உடைகள் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கலான வெளிச்சத்தில் பார்த்து வரைவது கஷ்டமாக இருக்க, கேட்டால் மேசைமேல் எடுத்து வைப்பார்கள் என்று அறிந்து மகிழ்ந்து எழுதியிருக்கிறார். அதனால்தான் படத்தில் உள்ள இடுப்புச்சட்டையின் பூவும் கொடியும், ஒவ்வொரு தையலும் இன்றைக்கும் அங்கே உள்ள உடையோடு பொருந்துகின்றன. 1903இல் வார்ன் சிறப்புப் பதிப்பு போட்டபோது அட்டைக்குப் பூப்போட்ட துணி வைத்தார்கள். அது பாட்டரின் தாத்தா நடத்திய சீட்டித்துணி ஆலையின் துணி. தையல்காரர் கதைக்குத் துணி அட்டையைவிடப் பொருத்தமான அலங்காரம் எது?

எண்ட் பேப்பர் விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அட்டைக்கும் கதைக்கும் நடுவே வரும் அந்தத் தாள், படத்தைச் சுற்றியுள்ள வெற்று மவுண்ட் போலக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது பாட்டரின் எண்ணம். 1903இல் வார்ன் அதில் வண்ணப் படம் வேண்டும் என்றது. அதற்கு இடம் விடப் பீட்டர் முயலில் இருந்து நான்கு படங்களை எடுத்தே விட்டார்கள். படத்தை எடுத்து எண்ட் பேப்பரை நிரப்பியது தவறு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சின்னப் பிள்ளைகள் அந்தத் தாளை ஓய்வுக்காகப் பார்ப்பதில்லை. கதை முடிந்ததும் அங்கே போய் ஒவ்வொரு உருவமாக விரல் வைத்து, “இது யாரு? இது எங்கே வந்துச்சு?” என்று கேட்கிறார்கள். படிக்கத் தெரியாத வயதில் புத்தகத்தைத் தானாகத் திரும்பச் சொல்லிப் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கிற முதல் பக்கம் அது. நம் ஊர்ச் சொந்தப் பதிப்புகளில் பெரும்பாலும் அதை வெறும் வெள்ளையாகவோ, ஆசிரியரின் மற்ற நூல் பட்டியலாகவோ விட்டுவிடுகிறோம். பின்பக்கப் பட்டியலைக் குழந்தை படிக்காது.

அலங்காரம் கதையைச் சுமக்கலாம், கதையை விழுங்கவும் செய்யலாம். பிரிட்டனில் 1979இல் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் ‘மாஸ்கரேட்’ என்ற படப்புத்தகம் கொண்டுவந்தார். சொந்தப் பதிப்பு அல்ல, பெரிய பதிப்பகம் போட்டது. ஆனால் விளம்பரப் பொருளை அவரே கையால் செய்தார்: 18 கேரட் தங்கத்தில் ஒரு முயல். அதை மண்ணில் புதைத்துவிட்டு, புதைத்த இடத்துக்கான குறிப்பைப் படங்களிலேயே ஒளித்தார். ஒவ்வொரு படத்தின் ஓரச் சட்டத்திலும் எழுத்துகள் ஓடும். உருவங்களின் கண்ணிலிருந்து விரல் வழியாகக் கோடு இழுத்தால் ஓர் எழுத்தில் போய் முட்டும். பக்க ஓரத்து அலங்காரத்துக்கு இத்தனை வேலை கொடுத்தவர் வேறு யாரும் என் நினைவில் இல்லை. ஆனால் வாசகர்கள் மண்வெட்டியோடு ஊர் ஊராகத் தோண்டக் கிளம்பினார்கள். முயல் 1982இல் கிடைத்தது. கண்டெடுத்தவருக்குத் துப்பு உள்ளிருந்தே போயிருக்கிறது என்று 1988இல் பத்திரிகைச் செய்தி வந்தது. புத்தகத்தைவிடப் பரிசு பெரிதாகிவிட்டால் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

சரி, நம் அச்சகத்துக்கு வருவோம். பலரும் போடுகிற 8.5 அங்குலச் சதுரப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 பக்கம், சென்டர் பின். அட்டையை விரித்தால் 17க்கு 8.5. 23க்கு 36 அங்குல ஆர்ட் கார்டு ஷீட்டில் நான்கு அட்டை உட்காரும். வெட்டுக்கும் மெஷின் பிடிக்கும் கிரிப்பர் ஓரத்துக்கும் விட்டது போக, ஷீட்டின் நீளம் முழுக்க ஏறக்குறைய 5 அங்குல அகலத்தில் ஒரு துண்டு மிச்சமாகும். வழக்கமாக அது கட்டிங் மெஷினுக்கு அடியில் விழுந்து எடைக்குப் போகிறது. அந்தத் துண்டில் இரண்டு அங்குல அகல புக்மார்க் 15 தாராளமாக அடங்கும். ஆயிரம் பிரதிக்கு 250 ஷீட் ஓடினால் 3,750 புக்மார்க். அதே பிளேட், அதே மை, அதே லேமினேஷன். வெட்டுக்கூலி மட்டும் கூடுதல். பிளேட் போட்ட பிறகு போய்க் கேட்டால் தனி வேலையாகத்தான் பில் வரும்.

மிச்சத் தாளை மதிக்கத் தெரிந்தவர்கள் நம் சென்னையிலேயே இருக்கிறார்கள். கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் செய்த தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து, கையாலேயே தைத்துக் கட்டிய புத்தகங்களுக்குப் பேர்போனது. கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் அச்சிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006இல் வந்தது, 2008இல் பொலோஞ்யா விருது பெற்றது. வண்ணம் சரிபார்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாகிக் கழிந்த தாள்களைக் குறிப்பேட்டு அட்டைகளாக்கி ‘ஃப்ளூக்புக்ஸ்’ என்ற பெயரில் விற்கிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. விலை கொடுத்தும் இப்படி ஒரு விளம்பரப் பொருள் செய்துவிட முடியாது.

தமிழ்ப் புத்தகம் என்றால் பக்க ஓரமெல்லாம் கோலப்புள்ளி போட்டுவிடுகிற பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கோலம் எனக்கு உயிர். ஆனால் கடலுக்குப் போகிற பையனின் கதையில் கோலத்துக்கு என்ன வேலை? அங்கே ஓரத்தில் ஓட வேண்டியது வலைக்கண். மூலையில் உட்கார வேண்டியது மிதவை. பக்க எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நண்டை விட்டால், பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, கடைசிப் பக்கத்தில் வளைக்குள் போய்விடலாம். பிள்ளைகள் அந்த நண்டுக்காகவே புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டுவார்கள்.

துணிப் பொம்மைக்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். தவளைக் கதை என்று வைத்துக்கொள்வோம். டெய்லர் கடையில் பச்சை நிற வெட்டுத்துணி கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். தவளை உருவத்தில் இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து ஓரம் தையுங்கள். வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் போகிற இடைவெளி விட்டுத் திருப்புங்கள். காலுக்குள் ஈயக் குண்டு வேண்டாம், ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு. நம் வீட்டுப் புளியங்கொட்டை அந்த வேலையைச் செய்யும். வண்டு வராமல் இருக்க வறுத்து ஆறவைத்து, சின்னத் துணிப்பையில் கட்டி உள்ளே வையுங்கள், தையல் விட்டாலும் கொட்டாது. உடம்புக்குப் பஞ்சு. கண்ணுக்குப் பொத்தான் வைக்காதீர்கள், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள். பிய்த்து வாயில் போட முடியாது.

இப்படிப் பத்துத் தவளை போதும். வாங்குகிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். அரங்கின் மேசையில் இரண்டு உட்காரட்டும். ஊர் நூலகத்தில், பள்ளியில் கதை சொல்லும்போது பிள்ளைகள் கையில் ஒன்று சுற்றி வரட்டும். தவளையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை தன் முறை முடியும்வரை கதையை விட்டு நகர்வதில்லை, இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்குகிற பிள்ளைக்குப் பின்னட்டையின் உள்பக்கத்தில் தவளை அச்சை அதே அளவில் போட்டுக் கொடுங்கள், தைக்கும் முறையோடு. அம்மாவோ பாட்டியோ வீட்டில் தைத்துக் கொடுக்கிற தவளை உங்கள் புத்தகத்தை அந்த வீட்டில் ரொம்ப நாள் வைத்திருக்கும். பொம்மையையே விற்பனைக்குச் செய்வதென்றால் மட்டும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மத்திய அரசின் கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

ஆகவே, ஜனவரிக்குப் படப்புத்தகம் போடுகிறவர்கள், படங்கள் முடிந்த கையோடு அச்சகத்துக்குப் போய், உங்கள் அளவுக்கு ஷீட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். புக்மார்க், எண்ட் பேப்பர், பொம்மை அச்சு எல்லாவற்றையும் புத்தகத்தோடு சேர்த்தே ஃபைலாகக் கொடுங்கள். நவம்பர் பிறந்துவிட்டால் அச்சகங்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கிவிடும். அக்டோபருக்குள் போய்விடுங்கள்.