பாமினிக்குள் மாட்டிக்கொண்ட அப்பா

"ஃபைல் காணாமப் போச்சு சார், எடுத்துக் குடுக்க முடியுமா?"

கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவன் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டால், மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தக் கேள்வி வாசலுக்கு வந்துவிடும். கூத்தாநல்லூரும் விதிவிலக்கில்லை. நானும் வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சேவ் பண்ணீங்களா, இல்லையா? அழிச்சது எப்போ?" என்று நாடி பிடித்துப் பார்ப்பேன் :-)

பாதி கேஸ் சுலபம். சேவ் பண்ணாமல் கரண்ட் போயிருக்கும். நீங்கள் மாற்றாத வரைக்கும் வேர்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. மறுபடி திறக்கும்போது அதுவே காட்டும். காட்டாவிட்டால், சேமிக்காத கோப்புகளை மீட்பதற்கென்று மெனுவிலேயே வழி இருக்கிறது. அழித்துவிட்ட கோப்பு என்றால் முதல் வைத்தியம், கம்ப்யூட்டரைத் தொடாமல் இருப்பதுதான். பழைய ஹார்டு டிஸ்கில் 'டெலீட்' என்பது, வீட்டைக் காலி பண்ணிவிட்டார்கள் என்று பலகை மாட்டுவது மாதிரி. சாமான் உள்ளேயேதான் இருக்கும். புதுசாகக் குடி வருகிறவர் வந்தால்தான் போகும். இப்போது வருகிற எஸ்எஸ்டியில் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது, அது சீக்கிரமே சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிவிடும்.

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிற எனக்கே ஒருநாள் வந்தது வினை.

2003ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 1952 புயலில் எது எது சாய்ந்தது, வெண்ணாற்றில் தண்ணி வந்தால் எந்த வாய்க்காலுக்கு எவர் முறை, 1965ல் வந்த ஏடிடி 27 நெல்லை முதலில் நட்டபோது ஊரில் யார் யார் சிரித்தார்கள்... இப்படி முப்பத்தெட்டுப் பக்கம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனகபக' அடித்துப் பழகியவன். அந்த விசை அமைப்பு பாமினி எழுத்துருவில் இருந்ததால் பாமினியிலேயே அடித்தேன். அப்பா 2006ல் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. இருக்கிறது என்கிற தைரியம்தான்.

சில வருஷம் கழித்து, பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் அடித்துத் திருப்பித் தந்தார். "வைரஸ் இருந்துச்சு சார்." அவரைத் திட்டி என்ன பண்ண? நகல் எடுத்து வைக்காதது யார் தப்பு?

ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் படத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், வேர்டு கோப்பையும் எடுக்கும். ராத்திரி பூரா ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் கிடையாது, எல்லாம் நம்பர். எதில் அப்பா இருக்கிறார்?

'குறுவை' என்று தேடினேன். இல்லை. 'வெண்ணாறு'. இல்லை. அரை நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. அந்தக் கோப்பில் தமிழே கிடையாதே! பாமினியில் நான் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதற்கு மேலே தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. சட்டையைக் கழற்றினால் ஆங்கிலக் கூளம். ஆகவே பெரிய எஃப், பெரிய டபிள்யூ, சின்ன ஐ, சின்ன டி என்று தேடினேன். அதுதான் பாமினிக் 'குறுவை'. மூன்றே கோப்புகள் வந்தன. இரண்டாவதில் அப்பா இருந்தார்.

கண்ணில் தண்ணி வந்தது என்று எழுதினால் கிண்டல் பண்ணுவீர்கள். பண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அழிந்த கோப்பை எடுக்க மென்பொருள் இருக்கிறது, அதைப் பற்றி எழுதவும் ஆள் இருக்கிறார்கள். அழியாமலே தொலைந்து கிடக்கிற தமிழைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பாமினி, டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியீட்டில் எத்தனை வருஷம் எழுதித் தள்ளியிருக்கிறோம்! யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000ல் 'லதா' எழுத்துருவும் வந்தது. ஆனாலும் நாம் கைப்பழக்கத்தை விடவில்லை. தமிழக அரசே 2010ல்தான் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்கு முந்திய கோவில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், சங்கத்துக் கணக்கு, கையடக்கக் கவிதைப் புத்தகம் எல்லாம் டிடிபி கடைகளின் பழைய டிஸ்க்கில், வேர்டிலும் பேஜ்மேக்கரிலும் கிடக்கின்றன. தேடினால் வராது. திறந்தால் புரியாது. இது அழிவு இல்லையா?

உ.வே.சா. நம்ம தஞ்சைச் சீமைக்காரர். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே 1887ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டைக் கண்டுபிடித்ததோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வித்தியாசமும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்து படித்தால்தான் அது நூல். நம் பழைய கோப்புகளும் அதே நிலைமையில்தான் இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், அந்த ஏட்டைக் கரையான் தின்ன நூறு இருநூறு வருஷம் ஆனது. நமக்கு இருபதே வருஷம் போதுமாயிருக்கிறது.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் ஏற்றிய நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி, எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலும் இணையத்தில் தமிழ் தெரியட்டும் என்று தேனீ இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006ல் மறைந்துவிட்டார். காசு பார்க்காமல் அவர்கள் செய்ததில் நூற்றில் ஒரு பங்கு நம் வீட்டுக் கோப்புக்கு நாம் செய்யக்கூடாதா?

"இணையத்துல ஏத்திட்டா பத்திரம்தானே" என்பவர்களுக்கு: ஜியோசிட்டீஸ் 2009ல் மூடினார்கள். யாஹூ குழுமங்கள் 2020ல் போயின. அங்கே எழுதியவர்களும் இதையேதான் நம்பினார்கள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பழைய சிடி, பழைய டிஸ்க் எல்லாவற்றையும் எடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை உட்கார்ந்து படியுங்கள், இது முக்கியம். வெறும் உரைக் கோப்பாக ஒன்று, வேறு இடத்தில் இன்னொன்று, காகிதத்தில் ஒன்று என்று வையுங்கள். உங்கள் ஊர் டிடிபி கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பழைய மலர்கள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படியுங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நானும் மாற்றி, பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தவங்க நடுவிலே நிறுத்தி, "அது என்னடா 'யுனுவு 27'? அப்படி ஒரு நெல்லு நாம நட்டதே இல்லையே?" என்றாங்க. நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த ஏடிடியையும் சேர்த்து மாற்றி வைத்திருந்தது அந்த மாற்றி!

திருத்த ஆள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள் மக்களே. அம்மாவுக்கு வயசு எண்பத்தொன்று. இன்னும் இருபத்திரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது.