முதலில் பணிபவர் யார்?



எருசலேம் நகரில் ஒருவர் விருந்து வைத்தார். அவருக்குக் கம்சா என்றொரு நண்பர். பார் கம்சா என்றொரு பகைவர். நண்பரை அழைக்கச் சென்ற பணியாள் பெயர் மயக்கத்தால் பகைவரை அழைத்துவிட்டான். பந்தியில் அவரைக் கண்ட வீட்டுத்தலைவர் வெகுண்டு, உடனே வெளியேறுமாறு பணித்தார். வந்தவரோ அவமானத்திற்கு அஞ்சினார். தாம் உண்பதற்கு உரிய விலையைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பின்னர் விருந்துச் செலவில் பாதியைத் தருவதாகச் சொன்னார். இறுதியில் முழுச் செலவையுமே ஏற்பதாகக் கூறினார். வீட்டுத்தலைவர் எதற்கும் இசையாமல், அவரைக் கையைப் பற்றி வெளியே தள்ளினார். பந்தியில் அமர்ந்திருந்த மறைநூல் அறிஞர்கள் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனமே தம்மை மிகவும் சுட்டது என எண்ணிய பார் கம்சா, உரோமைப் பேரரசனிடம் சென்று தம் இனத்தார்மீது கலகப் பழி சுமத்தினார். அதன் விளைவாகவே எருசலேம் அழிந்தது என்று யூதரின் தல்மூத் நூல் கூறுகிறது.

கி.பி. 70-ஆம் ஆண்டில் தீத்து தலைமையிலான உரோமைப் படை எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கியது வரலாறு. ஆனால் யூத அறிஞர்கள் பகைவனின் படைவலிமையை மட்டும் காரணம் காட்டி அமைந்துவிடவில்லை. தங்களையே ஆராய்ந்தார்கள். முதல் ஆலயம் சிலை வழிபாடு, ஒழுக்கக்கேடு, கொலை ஆகிய மூன்று பாவங்களால் அழிந்தது; இரண்டாம் ஆலயத்தின் காலத்திலோ மக்கள் மறைநூலைக் கற்றார்கள், அறச்செயல்களும் புரிந்தார்கள். பின் ஏன் அது அழிந்தது? காரணமற்ற பகைமை அவர்களிடையே குடிகொண்டிருந்தது என்பதே அவர்கள் கண்ட விடை. அந்த ஒரு பாவம் முன்சொன்ன மூன்று பாவங்களுக்கும் நிகரானதாம்! பக்தியும் பகைமையும் ஒரே நெஞ்சில் வாழக்கூடும் என்பதை எண்ணும்போது அச்சம் எழுகின்றதன்றோ?

அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ஷாலோம்' என்பதாகும். முழுமை, நிறைவு என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. எனவே சண்டை இல்லாதிருப்பது மட்டும் அமைதி ஆகாது. உடைந்தது மீண்டும் ஒன்றாக வேண்டும். அப்படி ஒன்றாவதற்கு எவரேனும் ஒருவர் முதலில் பணிய வேண்டும். அவர் யார்?

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி மேயர் என்னும் அறிஞரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை பகர்கிறது. ஓய்வு நாள் தொடங்கும் மாலையில் அவர் செபக்கூடத்தில் போதிப்பது வழக்கம். ஒரு பெண் அவரது உரையைக் கேட்டுவிட்டுத் தாமதமாக வீடு திரும்பினாள், விளக்கு அணைந்திருந்தது. சினங்கொண்ட கணவன், அந்தப் போதகரின் முகத்தில் எச்சில் உமிழ்ந்துவிட்டு வந்தாலன்றி வீட்டிற்குள் நுழையக்கூடாது என்று ஆணையிட்டான். அவள் கலங்கி நின்றாள்.

இதை உணர்ந்த ரபி மேயர், தமக்குக் கண் நோய் கண்டிருப்பதாகவும், உமிழ்ந்து அதைக் குணமாக்கும் பெண் எவரேனும் உண்டா என்றும் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி முன்வந்தபோது, ஏழு முறை உமிழச் சொன்னார். பிறகு, கணவன் கேட்டது ஒரு முறை, தான் செய்ததோ ஏழு முறை என்று அவனிடம் தெரிவிக்குமாறு அவளை அனுப்பி வைத்தார்.

சீடர்கள் பதறினார்கள். குருவுக்கு இத்தகைய இழிவா என்று வருந்தினார்கள். அவரோ எண்ணாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நினைவூட்டினார். மனைவிமீது ஐயம் கொண்ட கணவனின் வழக்கில், இறைவனின் திருப்பெயர் எழுதப்பட்ட ஏட்டையே நீரில் கழுவி அழிக்கும்படி அங்கே கட்டளை உள்ளது. கணவன் மனைவியரிடையே அமைதி நிலவ இறைவன் தம் பெயர் அழிவதையே பொறுத்தார் என்றால், மேயரின் மதிப்பு எம்மாத்திரம் என்பதே அவரது வாதம்.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே கருத்தினராய் இருத்தல் என்றும் அவர்கள் கொள்ளவில்லை. இல்லேல், சம்மாய் என்னும் இரு பேரறிஞர்களின் சீடர் குழுக்கள் பல சட்டங்களில் முரண்பட்டன; திருமணச் சட்டத்திலும் அப்படியே. ஆயினும் அவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் தயங்கவில்லை. பெரும்பாலும் இல்லேல் குழுவினரின் தீர்ப்பே ஏற்கப்பட்டதற்குத் தல்மூத் கூறும் காரணம் சுவையானது: அவர்கள் சாந்தமானவர்கள், தங்கள் கருத்தைச் சொல்லுமுன் எதிர்த்தரப்பின் கருத்தை எடுத்துரைப்பார்கள். அங்கும் முதலில் பணிந்தவரே வென்றார்!

ஆண்டுதோறும் யூதர்கள் பாவப் பரிகார நாளை நோன்பிருந்து அனுசரிக்கின்றனர். கடவுளுக்கு எதிரான குற்றங்களுக்கு அந்நாள் பரிகாரம் தரும்; அயலானுக்கு எதிரான குற்றத்திற்கோ அவனை மனம் குளிரச் செய்யும்வரை பரிகாரம் இல்லை என்பது அவர்களின் போதனை. ஆகவே புண்படுத்தியவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் இணங்காவிடில் மூன்று முறையேனும் முயல வேண்டும்.

பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனுடன் ஒப்புரவாகும்படி நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கூறியது இம்மரபின் மண்ணில் நின்றுதான். யூத மக்களுடன் நமக்குள்ள இந்த ஆன்மீக உறவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் நமக்கு நினைவூட்டியது.

ஒரே கோவிலில், ஒரே திருப்பலியில், ஆளுக்கொரு மூலையில் முகம் திருப்பி நிற்கும் அண்ணன் தம்பிகள் நம்மிடையே இல்லையா? வேலித் தகராறும் நகைக் கணக்கும் எப்போதோ தீர்ந்திருக்கும். யார் முதலில் பேசுவது என்பது மட்டுமே தீராமல் நிற்கும். பந்தியில் வாளாவிருந்த அறிஞர்களைப்போல் நாமும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு வருமுன் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுவோமா?