நங்கநல்லூரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

சென்னை நங்கநல்லூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. தென்னையும் கிணறுமாக ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இப்போது கீழே கார் நிறுத்தம், மேலே ஆறோ எட்டோ ஃபிளாட்.

‘பழைய நங்கநல்லூர் போச்சே’ என்று அங்கலாய்ப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபதைத் தாண்டிய தம்பதி ஒழுகும் மாடியோடு எத்தனை மழைக்காலம் மல்லுக்கட்டுவார்கள்? புரோமோட்டரிடம் பேசி ஒரு ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொள்வது அவர்கள் உரிமை. லட்சுமி நகர், இந்து காலனி, சிவில் ஏவியேஷன் காலனி எல்லாம் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள் மனை வாங்கிக் குடியேறியவைதானே. ஊரின் குணம் என்று சிலர் கட்டிக் காக்க நினைப்பது ‘சைவம் மட்டும்’ என்ற டு-லெட் பலகையை என்றால், அது தாராளமாகப் போகட்டும்.

காக்க வேண்டியது வேறொன்று. நங்கநல்லூர் என்றதும் 32 அடி ஆஞ்சநேயரைச் சொல்வார்கள். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து சாதித்த பெரிய காரியம் தரைக்கு அடியில் இருக்கிறது. செப்டிக் டாங்க் நிரம்பினால் கழிவுநீர் லாரிக்காகக் காத்திருந்த 1990-களின் கடைசியில், நங்கநல்லூரை உள்ளடக்கிய ஆலந்தூர் நகராட்சி பாதாள சாக்கடைத் திட்டம் போட்டது. கையில் பணம் போதவில்லை. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. குழாயே பதிக்காத சாக்கடைக்கு யாராவது முன்கூட்டிப் பணம் கட்டுவார்களா? கட்டினார்கள். நகராட்சித் தலைவரே மக்களிடம் வந்து விளக்கம் சொன்னார். குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. சுமார் 34 கோடி ரூபாய் திட்டத்தில் ஏறத்தாழ 8 கோடி மக்கள் பணம். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பிற நகராட்சிகளுக்கு அது முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

2011-ல் ஆலந்தூர் உள்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஆலந்தூர் 12-வது மண்டலமானது. 2016 முதல் 2022 வரை கவுன்சிலர்களே இல்லை. அந்த இடைவெளியில், 2019-ல், தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆக உயர்ந்தது. அதே மனையில் கூடுதலாகக் கட்டலாம் என்பது இதன் பொருள். பெரும்பாலும் தனி வீடுகள் இருந்த நாளில் பதித்த குழாய் இன்னும் எத்தனை குளியலறைகளைத் தாங்கும்? அந்தக் குழாய்க்குப் பணம் கட்டியவர்களிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

மக்கள் கருத்துச் சொல்ல வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. தெருவிளக்கு, குப்பைத் தொட்டி என்று மனு வாங்கும் இடமாக அவற்றைச் சுருக்கிவிடக் கூடாது. ஒரு தெருவில் எந்த மனையில் எத்தனை வீடுகளுக்கு அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பகுதி சபையில் வைக்க வேண்டும். அந்தத் தெருவின் குழாய், குடிநீர், அகலம் எவ்வளவு தாங்கும் என்று குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் எழுத்தில் சொல்ல வேண்டும். தாங்காத தெருவில் குழாயை மாற்றிய பிறகே அனுமதி தர வேண்டும்.

ஊர்க்காரர்களைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுவார்கள் என்று அதிகாரிகள் தயங்கலாம். தடுக்கும் அதிகாரத்தை நாம் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளவும் பதில் பெறவும் உரிமை கேட்கிறோம். சாக்கடைக்கு முன்பணம் கட்டிய ஊர் பொறுப்பில்லாத ஊர் அல்ல. கட்டட விண்ணப்பங்களைச் சபையில் வைக்க மாநகராட்சி ஆணையர் ஓர் உத்தரவு போட்டால் போதும். அதை அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முன்பே போட வேண்டும்.